ஒரே தண்டாயுதபாணி, இரண்டு கடல் பயணங்கள்

பழனி மலைக்கோயிலில் உண்டியல் எண்ணியதும் வெளிவரும் செய்தியைக் கவனித்திருப்பீர்கள். ரொக்கம் இவ்வளவு, தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் வெளிநாட்டு நோட்டுகள் என்று ஒரு வரி வரும். மலேசிய ரிங்கிட்டும் சிங்கப்பூர் டாலரும் அதில் அடிக்கடி இடம்பிடிக்கும். அந்த நோட்டுகளைப் போட்டவர்களில் பலருடைய முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்கள். பேசியது ஒரே தமிழ், கும்பிட்டதும் ஒரே முருகன். ஆனால் கரையில் இறங்கியதும் பாதை பிரிந்தது. சிலர் வட்டிக்கடைக்கு நடந்தார்கள். மிகப் பலர் ரப்பர் தோட்டத்துக்கு நடந்தார்கள்.

செட்டிநாட்டு நகரத்தாரும் தோட்டத் தொழிலாளரும் கடல் கடந்து வாழ்ந்த நிலையை ஒப்பிடும்போது, முன்னவர் சிக்கனக்காரர், பின்னவருக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு குடியேற்றங்களையும் ஒரு கடிகாரத்தைத் திறப்பதுபோலத் திறந்து பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது. இரண்டையும் இயக்கியது ஊர், உறவு, நம்பிக்கை என்ற ஒரே சக்திதான். அந்தச் சக்தி யாருக்காக உழைத்தது என்பதில்தான் வேறுபாடு.

நகரத்தாரின் கதை பழனிச் சந்தையிலேயே தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டு நிகழ்வுகளைச் சொல்லும் நகரத்தார் அறப்பட்டயங்களில் குமரப்பர் என்ற உப்பு வணிகர் வருகிறார். கடற்கரை உப்பை உள்நாட்டு யாத்திரைத் தலமான பழனியில் விற்கிறார். லாபத்தில் ஒரு பங்கை மகமையாக, அதாவது வணிகத்தின் மீது தானே விதித்துக்கொண்ட அறக்காசாக, முருகனுக்கு ஒதுக்குகிறார். மற்ற வணிகர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கும் வழக்கத்தை அந்த மரபோடு இணைத்தே சொல்கிறார்கள்.

இந்த மகமையின் பொருளாதார நுட்பத்தை டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1994இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். பத்து வணிகர் தனித்தனியே ஒரு சிறு காசை ஒதுக்கினால் அது சிறு காசுதான். சாமி பேரில் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது பொது நிதி. அந்த நிதி பெட்டியில் தூங்குவதில்லை. நம்பிக்கையான வணிகரிடம் வட்டிக்குப் போகிறது. கோயில் திருப்பணி, அன்னதானம், சத்திரம் எல்லாம் நடக்கின்றன. தொழிலுக்கு முதலும் கிடைக்கிறது. மகமை ஒழுங்காகக் கட்டுகிறவர் நாணயமானவர் என்று ஊருக்கே தெரிந்தும் விடுகிறது.

நாணயத்தை அளக்கும் ஏற்பாடு அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி போன்ற ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது. திருமணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். மணமான தம்பதி ஒரு ‘புள்ளி’யாகப் பதிவாகி வரி கட்டுவார்கள். ஆக, யார் எந்தக் குடும்பம், என்ன வசதி, எவரோடு சம்பந்தம் என்பதெல்லாம் சமூகத்துக்கு அத்துபடி. இன்று வங்கிக்குப் போனால் சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்களே, அதே வேலையை அன்று கோயில் பதிவும் பெரியவர்களின் நினைவும் பார்த்தன.

இந்த அடித்தளத்தின் மேல்தான் கடல் கடந்த கிளைகள் எழுந்தன. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். இரங்கூனிலோ பினாங்கிலோ கடையை நடத்துபவர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் போகும் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அடிமட்டத்தில் பெட்டியடிப் பையன். தவணை முடிந்ததும் கணக்கைப் புதிய ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். ஆகவே எந்த மேலாளும் தவறை நெடுநாள் மறைத்துவைக்க முடியாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இன்னொருவர் வந்து பேரேட்டைப் புரட்டுவார். சம்பளத்தோடு லாபத்தில் பங்கும் உண்டு என்பதால் பெட்டியடிப் பையன் ஒருநாள் தானே கடை வைக்கலாம்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அன்று இருந்த கிட்டங்கிகளில் இந்த ஏற்பாட்டைக் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். கிட்டங்கி என்பது நீளமான ஒரு கூடம். அதில் பல கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு கடைக்கு ஒரு பெட்டகம், தரையில் அமர்ந்து எழுத ஒரு சிறு மேசை, சில பேரேடுகள், அவ்வளவுதான். இரவில் தங்குவதும் அதே கட்டடத்தில். பக்கத்துக் கடைக்காரர் போட்டியாளர்தான், ஆனால் பணம் குறைந்தால் முதலில் கைமாற்றுத் தருபவரும் அவரே. வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டதால் செலவு மிகக் குறைவு.

அங்கிருந்து ஊருக்கு முறையாகக் கணக்கு போகும். அதன் சாரம் ஐந்தொகை, அதாவது வரவு, செலவு, பற்று, இருப்பு எல்லாம் நேர்படுகின்றனவா என்று காட்டும் சுருக்கம். வட்டியை மனத்திலேயே போடுவார்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320இல் ஒன்று. இந்தப் பின்னங்களைச் சிறுவயதிலேயே வாய்ப்பாடாக ஏற்றிக்கொண்ட பையனுக்குக் கணக்குப் பொறியே தேவைப்படவில்லை.

கடன் வாங்க விரும்பும் கடைக்கும் கொடுக்க விரும்பும் கடைக்கும் இடையே விலை பேசுவது யார்? கோயில்தான். இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் பெரியவர்கள் கூடி நடப்பு வட்டியை, அதாவது நகரத்தார் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் அந்த மாத வட்டி வீதத்தை, அறிவிப்பார்கள். பெரிய வங்கிகளிடம் பணம் எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது, நெல் அறுவடைக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதையெல்லாம் சீர்தூக்கித்தான் அந்த எண் பிறக்கும். மைய வங்கி செய்யும் வேலையில் ஒரு பகுதி சாமி முன்னால் நடந்தது. வாக்குத் தவறியவருக்கு நீதிமன்றம் தேவையில்லை. அடுத்த முறை அவருக்குக் கடனும் கிடைக்காது, சம்பந்தமும் அமையாது.

பலன் மலைக்க வைக்கிறது. பர்மா வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். இதை மலாயாத் தோட்டக் கூலியால் அளந்து பாருங்கள். 1920களின் இறுதியில் அங்கே ஆணுக்கு நிர்ணயித்த நாட்கூலி 50 காசு, நம் பணத்தில் சுமார் பன்னிரண்டரை அணா. ஒரு லட்சம் தொழிலாளர் ஆண்டுக்கு 320 நாள் வீதம் 30 ஆண்டு உழைத்து ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் அந்த 75 கோடி வரும்.

அந்த 50 காசுக்குப் போனவர்களின் பயணமும் ஊரும் உறவும் பின்னிய வலையில்தான் தொடங்கியது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து போனவர்கள் அவர்கள். பழனியும் திண்டுக்கல்லும் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. தோட்டத்துத் துரை தன்னிடம் வேலை செய்யும் நம்பகமான ஒருவரைக் கங்காணியாக்கி, உரிமச் சீட்டுக் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் சேர்க்கச் சொல்வார். ஊரில் வந்து நிற்பவர் மாமனோ சித்தப்பாவோ தெரிந்தவரோதான். அவர் பேச்சை நம்பிக் குடும்பமாகக் கிளம்பினார்கள். முகவர் அலுவலகத்துக்குச் செலவழிக்காமல், தெரிந்தவர் முகத்தை வைத்தே தோட்டத்துக்கு ஆள் கிடைத்தது. சேர்த்த ஆட்கள் வேலைக்கு வரும் நாளுக்கெல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. தன் உறவினர் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதே அவர் வருமானமாயிற்று.

பயணச் செலவு யாருடையது? இங்கே மலாயா அரசு வியக்கத்தக்க ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி பிறந்தது. ஆள் சேர்க்கத் தோட்டம் கங்காணியை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், இந்தியத் தொழிலாளர் வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரும் தலைக்கு இவ்வளவு என்று அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். அதிலிருந்து கப்பல் கட்டணம் போகும். ஒருவர் செலவழித்துக் கொண்டுவந்த ஆளை அடுத்த தோட்டக்காரர் இலவசமாகத் தட்டிக்கொண்டு போகும் சிக்கல் அதோடு தீர்ந்தது. தொழிலாளிக்கும் கப்பல் கடன் இல்லை. இலங்கையிலோ தலைகீழ் நிலை. அங்கே கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கழுத்தில் ஏறியது; அந்தக் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டோடு கூட்டம் கூட்டமாக ஆட்கள் தோட்டம் மாறினார்கள். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

கடன் இல்லாதபோதும் மலாயாவில் கூலி உயரவில்லை. கூலி கேட்டுப் பேரம் பேசும் நிலை வந்தால் அடுத்த கப்பலில் ஆள் வந்துவிடும். பொது நிதி எந்நேரமும் ஆள் வரத்தைத் தயாராக வைத்திருந்தது. ரப்பர் விலை விழுந்தால் அதே நிதியே ஆட்களைத் திருப்பி அனுப்பும்.

அவர்கள் செய்தது எளிய வேலையா? விடியும் முன்பே பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். அப்போதுதான் பால் நன்றாக வடியும். ரப்பர் மரப்பட்டையில் பால் குழாய்கள் செங்குத்தாக ஏறுவதில்லை, சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவ வேண்டியது மெல்லிய நாடா அளவுப் பட்டை மட்டும். இன்னும் சற்று ஆழம் போனால் வளர்படலம், அதாவது புதுப்பட்டையை உண்டாக்கும் உயிர்த்திசு, காயப்பட்டுவிடும். மரம் முடிச்சு முடிச்சாகி அடுத்த ஆண்டு அங்கே வெட்டவே முடியாது. அரைகுறை வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாத கைக்கணக்கு. பிறகு காண்டா என்ற தோள்தடியில் இரண்டு வாளி தொங்கவிட்டுப் பாலைச் சுமந்து நிறுவைக்குப் போக வேண்டும். இந்தக் கைத்திறனைத்தான் இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் திறனற்ற உழைப்பு என்ற தலைப்பில் வைத்தது. பெண்கள் வெட்டினால் கூலி 40 காசு.

சமூக வாழ்விலும் இரண்டு உலகங்கள். கிட்டங்கியில் பெண்களே இல்லை; மனைவி மக்கள் செட்டிநாட்டில். சம்பாதித்த பணம் கானாடுகாத்தானில் பர்மாத் தேக்குத் தூண்களாக எழுந்தது. தோட்டத்திலோ லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை எல்லாம் ஒரே வேலிக்குள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி முளைத்த தோட்டத்துப் பள்ளிகள் பலவும் சேர்ந்துதான் இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. பணம் படைத்தவர் ஊர் திரும்பும் தேதியோடு வாழ்ந்தார். பணமில்லாதவர் வேர் விட்டார். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயாவில் இருந்த சுமார் 6 லட்சத்து 24 ஆயிரம் இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். அவர்களிலும் தோட்ட மக்களே மிகுதி.

1930களின் பெருமந்தம் இரண்டு இயந்திரங்களையும் சோதித்தது. ரப்பர் விலை சரிந்ததும் கூலி வெட்டப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பர்மாவில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் நகரத்தார் பேருக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நில உடைமை 1930களின் இறுதியில் 25 சதவீதம் ஆயிற்று. உள்ளூரில் கடன் கொடுப்பவர்களைவிட நகரத்தார் குறைந்த வட்டிக்குக் கொடுத்தவர்கள் என்று விசாரணைக் குழுவே சொன்னது. என்றாலும் வயலை இழந்த பர்மிய உழவரின் கண்ணுக்குத் தெரிந்தது நிலத்தை எடுத்துக்கொண்ட அந்நியர் மட்டுமே. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

அடுத்து வந்த போர் எவரையும் விடவில்லை. 1942இல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் அசாம் நோக்கி நடந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியப் படை போட்ட சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழரில் பல்லாயிரம் பேர் 415 கிலோமீட்டர் தண்டவாளத்தின் ஓரத்திலேயே மாண்டார்கள்.

போருக்குப் பின் நிலைமை எதிர்பாராத விதமாகப் புரண்டது. சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1960களில் கடைகளும் வங்கிகளும் போயின. நகரத்தாரிடம் மிஞ்சியது கணக்கறிவும் பரந்த தொடர்பும். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் போருக்கு முன்பே, 1937 பிப்ரவரி 10ஆம் தேதி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, அந்த அறிவு புது வடிவம் எடுத்ததன் சான்று.

தோட்ட மக்களோ தங்கள் வலையைத் தாங்களே பின்னத் தொடங்கினார்கள். போர் மலாயாவை எட்டுமுன்பே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கொடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின; தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது வீடும் வேலையும் ஒருசேரப் போகும் நிலை. அப்போது 1960இல் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் 10 வெள்ளி, அதாவது மலாயா டாலர், வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கலாம். அந்தச் சிறுகாசு சேர்ந்து கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கியது. பின்னர் இன்னும் பல தோட்டங்கள். பால்மரம் வெட்டியவர் அந்தத் தோட்டத்தின் பங்குதாரர். குமரப்பரின் மகமையில் இருந்த அதே கணக்குதான் இது: சிறுகாசைப் பொதுவில் சேர்த்தால் முதல்.

இலங்கை மலையகத்தில் அந்த வாய்ப்பும் தட்டிப்பறிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் பழனிக்கு மேலேயுள்ள கொடைக்கானல் மலையில் வந்து சேர்ந்தார்கள்.

நம்பிக்கையின் மேல் சிறுகாசு சேர்க்கும் இந்தச் சூத்திரம் உலகெங்கும் வேலை செய்கிறது. பசிபிக் தீவு நாடான தொங்காவின் மக்கள் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உழைத்து அனுப்பும் பணம் அந்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. மிசினாலே என்ற ஆண்டுக் காணிக்கையைத் தேவாலயத்துக்குப் பொதுவில் அறிவித்துக் கொடுக்கிறார்கள். குடும்பத்தின் மதிப்பு அதில் தெரியும். கானா நாட்டில் சூசு வசூலிப்பவர் தினமும் சந்தைக்கு வந்து சிறுதொகை வாங்கி, மாதக் கடைசியில் ஒரு நாள் தொகையை மட்டும் தன் கூலியாகக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். குடியேறியவர்கள் எங்கே போனாலும் முதலில் இறக்கிவைப்பது இந்த நம்பிக்கைக் கணக்கைத்தான்.

பினாங்குத் தைப்பூசத்தில் 1894இல் காரைக்குடியிலிருந்து போன நகரத்தாரின் வெள்ளி ரதம் இன்றும் வலம் வருகிறது. 2017 முதல் தண்ணீர்மலைக் கோயிலின் தங்க ரதமும் புறப்படுகிறது. கடைக்காரரின் பேரனும் பால்மரம் வெட்டியவரின் பேத்தியும் இரண்டு ரதங்களுக்கும் தேங்காய் உடைக்கிறார்கள்.

ஒப்பீடு நமக்குக் கற்றுத்தரும் அளவுகோல் ஒன்றே. குடியேறியவரின் வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாது. அவரைக் கொண்டுவந்த உறவு வலையின் பலன் எவர் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். வளைகுடாவுக்குப் போகும் நம் பையனிடம் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே சேவைக் கட்டணம் வாங்கலாம் என்பது இன்றைய விதி. அதற்கு மேல் கொடுக்க வட்டிக்கு வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் பழைய துண்டுச் சீட்டின் மறுபிறப்பு. வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களையும் ஊர்க்காரர் ஒருவர்தான் அழைத்து வருகிறார். அவர் தலைக்காசுக்குக் கணக்குக் கொடுப்பவரா, அந்தத் தொழிலாளருக்குக் கணக்குக் கொடுப்பவரா? அவர்கள் சங்கம் சேரவும், சேமிப்பை ஒன்று திரட்டவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் வழியிருக்கிறதா? இந்தக் கேள்விகளை நம் ஊராட்சிகளும் ஆலைகளும் இப்போதே கேட்கத் தொடங்கினால், அடுத்த தலைமுறை அவர்களுடைய வாழ்வைக் கணக்குப் பார்க்கும்போது நம்மைக் குறைசொல்ல இடமிருக்காது.